தற்கொலையால் ஒருவரை இழந்த வீடும் நமது ஜமாஅத்தும்





தற்கொலையைப் பற்றி மிம்பரில் எப்போது பேசப்படுகிறது? பொதுத்தேர்வு முடிவு வருகிற வாரத்தில். அல்லது பத்திரிகையில் ஒரு செய்தி பெரிதாக வந்த வாரத்தில். ஹராம், பெரும்பாவம், மறுமையில் கடும் தண்டனை என்று சொல்லப்படும். சொல்லப்படுவது சரியான சட்டம்தான். ஆனால் அதே ஸஃப்பில், தன் மகனை அப்படிப் பறிகொடுத்த ஒரு தகப்பனாரும் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு அவர் எப்படி வீடு திரும்பியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் அந்தப் பிள்ளையின் தாயார், "இன்றைக்கு ஹஜ்ரத் என்ன பேசினார்?" என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்?

இன்றைய பேச்சு முதலில் அவருக்காக. பிறகு, அப்படியொரு வீடு இனி உருவாகாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதற்காக.

"நம்ம சமுதாயத்தில் இதெல்லாம் கிடையாது ஹஜ்ரத்" என்று சிலர் சொல்வார்கள். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அதில் தமிழ்நாடு 19,834. மகாராஷ்டிராவுக்கு அடுத்த இடம் நம்முடையது. நாளொன்றுக்கு ஐம்பது பேருக்கு மேல். காரணங்களில் முதலிடம் குடும்பப் பிரச்சினை, இரண்டாவது நோய். இந்த இரண்டும் நுழையாத மஹல்லா ஏதாவது உண்டா?

அமெரிக்காவில் டாக்டர் ரானியா அவாத் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் செய்த ஓர் ஆய்வு 2021-ல் வெளியானது. வாழ்நாளில் எப்போதாவது தற்கொலைக்கு முயன்றதுண்டா என்று பல மதத்தவரிடமும் கேட்டிருந்தார்கள். முஸ்லிம்களில் 7.9 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். கத்தோலிக்கர்களில் 6.1, புராட்டஸ்டண்டுகளில் 5.1. அமெரிக்க முஸ்லிம்களின் சூழல் வேறு, நம் சூழல் வேறு. அந்தக் கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும், ஹராம் என்று தெரிந்திருப்பது மட்டுமே ஒருவரைக் காப்பாற்றிவிடும் என்ற நம் நிம்மதியை அது அசைக்கத்தான் செய்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தில் தடுமாற்றம் எதுவும் இல்லை. உயிர் நமக்குச் சொந்தமல்ல, அமானிதம். சூரா நிஸாவின் 29-ஆவது வசனத்தில், உங்களை நீங்களே கொன்றுவிடாதீர்கள் என்று அல்லாஹ் தடுக்கிறான். தடுத்துவிட்டு, அதே வசனத்தை எதைச் சொல்லி முடிக்கிறான் தெரியுமா? அவன் உங்கள் மீது இரக்கமுள்ளவன் என்று. எச்சரிக்கை அதற்கடுத்த வசனத்தில்தான் வருகிறது. புகாரியிலும் முஸ்லிமிலும் கடுமையான ஹதீஸ்களும் இருக்கின்றன. அவற்றை யாரும் மறுக்கவில்லை.

இந்த வசனத்தை ஒரு ஸஹாபி எங்கே பயன்படுத்தினார் என்று பாருங்கள். தாத்துஸ் ஸலாஸில் என்ற போர்ப் பயணத்தில் கடும் குளிர் இரவு. படைத்தலைவர் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் குளிப்பு கடமையாகிவிட்டது. குளித்தால் உயிருக்கே ஆபத்து என்று அஞ்சி, தயம்மும் செய்து சுப்ஹு தொழவைத்துவிட்டார்கள். விஷயம் நபி (ஸல்) அவர்களிடம் வந்தது. இந்த வசனத்தைத்தான் அம்ர் (ரலி) அவர்கள் ஆதாரமாகச் சொன்னார்கள். நபியவர்கள் சிரித்துவிட்டு, வேறெதுவும் சொல்லவில்லை (நூல்: அபூதாவூத்). உங்களைக் கொன்றுவிடாதீர்கள் என்ற கட்டளையை, உன் உடம்பைப் பார்த்துக்கொள், அதற்குரிய சலுகையை எடுத்துக்கொள் என்று அந்த ஸஹாபி விளங்கியிருக்கிறார்கள். நம் பயான்களில் இந்தச் சம்பவம் ஏனோ அதிகம் வருவதில்லை.

ஜனாஸாவை யார் தொழவைப்பது?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசவேண்டும். பல ஊர்களில் சண்டை வருவது இங்கேதான்.

தன்னை மாய்த்துக்கொண்ட ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் தொழவைக்கவில்லை என்று ஜாபிர் இப்னு ஸமுரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. இதை மட்டும் படித்துவிட்டு, "தொழக்கூடாது, நம் கபருஸ்தானில் இடம் கொடுக்கக்கூடாது" என்று நிர்வாகத்தில் ஒருவர் எழுந்து நின்றுவிடுவார். மையித்து வாசலில் காத்திருக்கும். பெற்றவர் தலைகுனிந்து நிற்பார்.

இந்த ஹதீஸுக்கு இமாம் நவவி (ரஹ்) எழுதிய விளக்கத்தையும் சேர்த்துப் படிக்கவேண்டும். உமர் இப்னு அப்துல் அஸீஸ், அவ்ஸாயீ (ரஹ்) ஆகியோர் தொழுவதில்லை என்ற கருத்தில் இருந்தார்கள். ஆனால் ஹஸன் பஸரி, இப்ராஹீம் நகஈ, கதாதா, இமாம் மாலிக், இமாம் அபூஹனீஃபா, இமாம் ஷாஃபிஈ (ரஹ்) உட்பட பெரும்பான்மை உலமாக்கள் தொழவேண்டும் என்றார்கள். நபியவர்கள் தாம் தொழாமல் இருந்தது மற்றவர்களை எச்சரிப்பதற்காக. ஸஹாபாக்கள் தொழுதார்கள் என்பது அவர்களின் விளக்கம். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களும், தலைமை இமாம் ஒதுங்கிக்கொள்ளலாம், மற்றவர்கள் தொழுவார்கள் என்றே சொன்னார்கள். ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களுக்கு மாற்றுக் கருத்து உண்டு என்றாலும், குளிப்பாட்டித் தொழவைக்கப்படும் என்பதன் மீதுதான் ஃபத்வா.

இதே போன்ற இன்னொரு செய்தியும் உண்டு. ஆரம்ப காலத்தில், கடனை அடைக்க வழிவிடாமல் இறந்தவரின் ஜனாஸா வந்தால், உங்கள் தோழருக்கு நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று நபியவர்கள் சொல்லிவிடுவார்கள் (நூல்: புகாரி). அதை வைத்து, கடன்காரருக்கு ஜனாஸா தொழுகை இல்லை என்று யாராவது சொல்கிறோமா? அப்படிச் சொன்னால் இன்றைக்கு எத்தனை ஜனாஸா தொழுகை நடக்கும்!

தலைவர் ஒதுங்கி நின்று எச்சரிப்பது என்பது நபியவர்களின் தகுதிக்கு உரியது. இன்றைக்கு ஒரு மஹல்லா இமாம் ஒதுங்கினால் யார் எச்சரிக்கை பெறுவார்கள்? அந்தக் குடும்பம் மட்டும் அடுத்த முப்பது வருடத்துக்கு அதைச் சுமக்கும். என் கருத்து, இமாமே முன்னின்று தொழவைப்பதுதான் இந்தக் காலத்துக்குப் பொருத்தம். வேறு கருத்துள்ள ஆலிம்கள் இருக்கலாம். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் தொழுகையே இல்லாமல், சலாம் சொல்ல ஆளில்லாமல் ஒரு முஸ்லிமை அடக்குவதற்கு நான்கு மத்ஹபிலும் இடமில்லை.

தொழுகைக்கு முன்னால் இன்னொரு வேலையும் இருக்கிறது. இப்படிப்பட்ட மரணத்தில் போலீஸ் விசாரணை உண்டு, பிரேதப் பரிசோதனை உண்டு. அந்த வீட்டு ஆண்கள் ஸ்டேஷனுக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கும் அலைந்துகொண்டிருப்பார்கள். எங்கே கையெழுத்துப் போடுவது, யாரிடம் மையித்தை வாங்குவது என்று எதுவும் தெரியாத நாள் அது. ஜமாஅத்திலிருந்து விவரம் தெரிந்த இரண்டு பேர் கூடவே போய் மார்ச்சுவரி வாசலில் நின்றாலே போதும், அந்தக் குடும்பம் ஆயுளுக்கும் மறக்காது.

மன்னிப்பு உண்டா?

இழந்தவர்கள் யாரிடமும் கேட்கமுடியாமல் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான். நிரந்தர நரகமா? துஆ செய்யலாமா? செய்தால் போய்ச் சேருமா?

துஃபைல் இப்னு அம்ர் அத்தவ்ஸீ (ரலி) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்தபோது, அவர்களுடைய கூட்டத்தைச் சேர்ந்த ஒருவரும் கூடவே வந்தார். மதீனாவின் தட்பவெப்பம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நோய்வாய்ப்பட்டார். வேதனை பொறுக்கமுடியாமல் தன் கைகளில் தானே காயம் ஏற்படுத்திக்கொண்டு இறந்துபோனார். பிறகு துஃபைல் (ரலி) அவரைக் கனவில் காண்கிறார்கள். நல்ல தோற்றத்தில் இருக்கிறார். ஆனால் கைகளை மூடி வைத்திருக்கிறார். உன் இறைவன் உன்னை என்ன செய்தான் என்று கேட்டதற்கு, நபியவர்களிடம் ஹிஜ்ரத் செய்து வந்ததற்காக அல்லாஹ் என்னை மன்னித்துவிட்டான் என்கிறார். கைகள் ஏன் மூடியிருக்கின்றன? நீயாகக் கெடுத்துக்கொண்டதை நாம் சரிசெய்யமாட்டோம் என்று சொல்லப்பட்டதாம். துஃபைல் (ரலி) இதை நபி (ஸல்) அவர்களிடம் சொன்னார்கள். உடனே நபியவர்கள், யா அல்லாஹ், அவருடைய கைகளுக்கும் மன்னிப்பைத் தந்துவிடு என்ற கருத்தில் துஆ செய்தார்கள் (நூல்: முஸ்லிம்).

கனவு சட்டத்துக்கு ஆதாரமாகுமா என்று மத்ரஸா மாணவர்கள் கேட்பார்கள். பொதுவாக ஆகாது. ஆனால் இங்கே ஆதாரம் கனவல்ல. அதைக் கேட்டு நபியவர்கள் செய்த துஆ. தன்னை மாய்த்துக்கொண்டவர் காஃபிராகிவிடுவதில்லை, அவருக்கு நரகம்தான் என்று நாம் முடிவுகட்ட முடியாது, அவருடைய விவகாரம் அல்லாஹ்வின் நாட்டத்தில் உள்ளது என்பதற்கு அஹ்லுஸ் ஸுன்னாவின் பெரிய ஆதாரம் இந்த ஹதீஸ் என்று இமாம் நவவி (ரஹ்) எழுதுகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தூங்குபவர், சிறுவர், புத்தி பேதலித்தவர் ஆகிய மூவரின் மீதிருந்து பேனா உயர்த்தப்பட்டுவிட்டது என்பது ஹதீஸ். கடைசி நேரத்தில் ஒரு மனிதரின் புத்தி எந்த நிலையில் இருந்தது என்பது நமக்குத் தெரியாது. கடுமையான மனச்சோர்வில் யோசிக்கும் திறனே சுருங்கிப்போகிறது, ஒரே ஒரு வழியைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் அவர் எவ்வளவு பொறுப்பாளி என்பதை அளக்கும் தராசு நம் கையில் இல்லை.

ஆகவே, மகனை இழந்த தாயே, கணவரை இழந்த சகோதரியே, தாராளமாக துஆ செய்யுங்கள். ஸதகா கொடுங்கள். ஹஜ்ஜுக்குப் போனால் அரஃபாவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தடுக்க யாருக்கும் உரிமையில்லை.

அந்த வீட்டுக்குப் போகும்போது

2016-ல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வெளியானது. அலெக்ஸாண்ட்ரா பிட்மன் என்ற மனநல மருத்துவரின் குழு, நெருங்கிய ஒருவரைத் திடீரென இழந்த 3,432 பேரிடம் விசாரித்தது. எல்லோரும் 18 முதல் 40 வயதுக்குள். மாரடைப்பு போன்ற இயற்கையான திடீர் மரணத்தில் இழந்தவர்களோடு ஒப்பிட்டால், தற்கொலையில் இழந்தவர்கள் தாங்களும் அதற்கு முயலும் வாய்ப்பு 65 சதவீதம் கூடுதலாக இருந்தது. இரத்த உறவு, நண்பர் என்ற வித்தியாசம் அதில் இல்லை. அவர்கள் உணர்ந்த அவமானத்தையும், ஊர் தங்களை ஒதுக்குகிறது என்ற எண்ணத்தையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது இந்த வித்தியாசம் குறைந்தது. அதாவது, அடுத்த ஆபத்துக்கு மரணம் மட்டும் காரணமல்ல. சுற்றியிருந்தவர்கள் பார்த்த பார்வைக்கும் அதில் பங்கு உண்டு.

இப்போது நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். கணவரை இழந்த பெண் இத்தாவில் இருக்கிறாள். நான்கு மாதம் பத்து நாள். வெளியே போகமுடியாது. வருகிறவர்களைப் பார்க்காமலும் இருக்கமுடியாது. வருகிற ஒவ்வொருவரும் முதலில் கேட்பது, "எப்படிம்மா நடந்தது?" அடுத்தது, "முன்னாடியே தெரியலையா?" மூன்றாவது கேள்வியை வாசலில் செருப்புப் போடும்போது தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்: "வீட்டில் என்ன சண்டையோ?" அது உள்ளே கேட்கும். இப்படி ஒரு நாளைக்குப் பத்துப் பேர்.

மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில், இதற்கு முன்பே இறந்து, மறக்கப்பட்டுப் போயிருக்கக்கூடாதா என்று சொன்னதை சூரா மர்யமில் (19:23) ஓதுகிறோம். அல்லாஹ் அவர்களுக்குச் செய்த உதவிகளில் ஒன்று, மனிதர்களுக்குப் பதில் சொல்லும் சுமையை எடுத்துவிட்டது. யாராவது கேட்டால், நான் மௌன நோன்பு இருக்கிறேன் என்று தெரிவித்துவிடும்படி சொல்லப்பட்டது (19:26). கேள்விகளிலிருந்து காப்பாற்றுவதும் ஓர் அருள்தான். அந்த வீட்டில் விவரம் உள்ள ஒரு பெண், வாசலில் உட்கார்ந்துகொண்டு, "எதுவும் கேட்காதீர்கள், துஆ மட்டும் செய்யுங்கள்" என்று வருகிறவர்களிடம் மெதுவாகச் சொல்லி அனுப்பலாம்.

பேச எதுவும் தெரியாவிட்டால் சாப்பாடு கொண்டுபோங்கள். ஹிஜ்ரி 8-ல் முஃத்தாவில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்தபோது, அந்தக் குடும்பத்தாருக்கு உணவு தயார்செய்து கொடுக்கும்படி நபியவர்கள் சொன்னார்கள் (நூல்: திர்மிதி). மாவில் செய்யும் தல்பீனா கஞ்சி துக்கத்தைக் கொஞ்சம் போக்கும் என்று சொல்லி, துக்க வீட்டில் ஆயிஷா (ரலி) அதைச் சமைக்கச் சொல்வார்கள் (நூல்: புகாரி). நம் ஊரிலும் சோறு அனுப்பும் வழக்கம் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். மூன்று நாளோடு அது நின்றுவிடுகிறது. இந்த வகைத் துக்கத்தில், மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும்தான் கடினம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்கிறார்கள். அப்போது போங்கள்.

சொல்லக்கூடாதவையும் இருக்கின்றன. "அழாதே, அழுதால் மையித்துக்கு வேதனை" என்று வாயை அடைக்காதீர்கள். ஒப்பாரி வைப்பது வேறு, கண்ணீர் வேறு. மகன் இப்ராஹீம் வஃபாத்தானபோது நபியவர்களே கண்ணீர் விட்டார்கள். யஅகூப் (அலை) அழுது அழுது கண் வெளுத்துப்போனார்கள். இன்னும் யூஸுஃபையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே என்று பிள்ளைகள் சலித்துக்கொண்டபோது, என் துக்கத்தை நான் அல்லாஹ்விடம் முறையிடுகிறேன் என்றுதான் பதில் சொன்னார்கள் (12:84-86). வருடக்கணக்கான துக்கம் அது. ஸப்ர் இல்லை என்று அவர்களை யாரும் சொல்லமுடியுமா?

"அன்றைக்கு மட்டும் அந்தப் போனை எடுத்திருந்தால்..." இது அவர்களைத் தின்னும் நினைப்பு. இப்படிச் செய்திருந்தால் என்ற பேச்சு ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறந்துவிடும் என்று முஸ்லிமில் ஹதீஸ் வருகிறது. இதைத் துக்கத்தில் இருப்பவரின் தலையில் அடிப்பதுபோல் சொல்லாதீர்கள். "நீங்கள் அன்று தெரிந்ததை வைத்துத்தான் அன்று நடந்துகொண்டீர்கள், இன்று தெரிவது அன்று தெரியாது" என்று மெதுவாகச் சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் போதாது. இருபது தடவை சொல்லவேண்டி வரும்.

இறந்தவரை ஏசாதீர்கள் என்ற ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அவர்கள் அனுப்பிவைத்ததிடம் அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவைப் போட்டு, எப்படி இறந்தார் என்று விவரம் எழுதுவதும் இதில் சேரும். அது இன்னொரு விதத்திலும் ஆபத்து. செய்த முறையை விவரித்துப் பரப்பினால், ஏற்கெனவே தத்தளித்துக்கொண்டிருப்பவர் அதைப் பின்பற்றக்கூடும் என்பதால்தான், ஊடகங்கள் அதை எழுதக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருக்கிறது.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் "வாப்பா வெளியூர் போயிருக்கிறார்" என்று சொல்லிவைக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் வேறொரு பிள்ளை உண்மையைச் சொல்லிவிடும். வயதுக்குத் தகுந்தபடி, வீட்டாரே உண்மையைச் சொல்வது நல்லது. முக்கியமாக, "உன்னால் இல்லை" என்று சொல்லவேண்டும். குழந்தைகள் தங்களால்தான் என்று நினைத்துக்கொள்ளும்.

"முடிவெடுத்தவரைத் தடுக்கமுடியாது" என்பது உண்மையா?

இல்லை.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில், 1937 முதல் 1971 வரை கடைசி நேரத்தில் தடுத்துக் காப்பாற்றப்பட்ட 515 பேர் பிறகு என்ன ஆனார்கள் என்று ரிச்சர்ட் சைடன் என்பவர் தேடினார். 1978-ல் அவர் வெளியிட்ட கணக்குப்படி, ஏறக்குறைய 94 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள் அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். இன்றைக்குத் தடுத்தால் நாளைக்கு வேறிடம் போவார் என்ற நம் கணக்குப் பொய். அந்த நேரம் ஓர் அலை மாதிரி. உயர்ந்து வரும், தணியும். அது தணியும்வரை உயிரோடு வைத்திருப்பதுதான் வேலை.

இதை ஒரு நாட்டின் அளவில் காட்டியது நம் பக்கத்திலுள்ள இலங்கை. 1995-ல் அங்கே தற்கொலை உச்சத்தில் இருந்தது. ஒரு லட்சம் பேருக்கு 47 என்ற அளவு, உலகிலேயே மிக அதிகமான அளவுகளில் ஒன்று. கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிக்கொல்லிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. விவசாயம் நின்றுவிடவில்லை. இருபது வருடத்தில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. ஏறக்குறைய 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அந்த இருபது வருடத்தில் போர் நடந்தது, சுனாமி வந்தது, வறுமை இருந்தது. மக்களின் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. கஷ்டமான அந்த ஒரு மணி நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் விஷம் இல்லை, அவ்வளவுதான். வீட்டில் ஒருவர் மனமுடைந்திருக்கிறார் என்று தெரிந்தால், பூச்சிமருந்தோ, நிறைய மாத்திரைகளோ வீட்டில் இருக்க விடாதீர்கள். வேறு வீட்டில் கொடுத்துவையுங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒரு பொறுப்பானவர் வைத்துக்கொண்டு வேளைக்கு எடுத்துக்கொடுங்கள். தவக்குல் வைப்பது இதற்கு மாற்றல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல்.

அடுத்த ஆய்வில் நம் சென்னையும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு, ஈரானின் கரஜ், பிரேசிலின் காம்பினாஸ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில் நடத்தி, 2008-ல் முடிவை வெளியிட்டது. தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு, அதோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு ஒன்றரை வருடத்தில் ஒன்பது முறை போன் செய்தோ நேரில் போயோ விசாரித்தார்கள். முடிவு என்ன? முதல் பிரிவில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம். விசாரிக்கப்பட்ட பிரிவில் 0.2 சதவீதம். ஒன்பது முறை "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டது! ஒவ்வொரு வக்து தொழுகைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் நமக்கு இது செய்யமுடியாத காரியமா?

ஒருநாள் நபி (ஸல்) அவர்கள் பள்ளிக்குள் நுழைந்தபோது அபூ உமாமா என்ற அன்ஸாரித் தோழர் தனியாக உட்கார்ந்திருந்தார். தொழுகை நேரமில்லையே, ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர் என்று நபியவர்களே போய்க் கேட்டார்கள். கவலைகள், கடன்கள் என்றார் அவர். பிறகுதான், கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் கடன் சுமையிலிருந்தும் பாதுகாப்புத் தேடும் துஆவைக் கற்றுக்கொடுத்தார்கள் (நூல்: அபூதாவூத்). அந்த துஆவை நாமும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதற்கு முன்னால் நடந்ததைக் கவனியுங்கள். நேரமில்லாத நேரத்தில் பள்ளியில் உட்கார்ந்திருந்த ஒருவர் கண்ணில் பட்டார்; கேள்வி கேட்கப்பட்டது. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் நம் பள்ளியின் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவரிடம் யார் போய்க் கேட்கிறோம்?

எப்படிக் கேட்பது? நேரடியாகக் கேட்கலாம். "வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றுகிறதா? உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஆறு பள்ளிக்கூடங்களில் 2,342 மாணவர்களை வைத்து இதைச் சோதித்து 2005-ல் வெளியிட்டார்கள். கேட்டதால் எவருக்கும் எண்ணம் கூடவில்லை. ஏற்கெனவே தத்தளித்தவர்களுக்குக் கொஞ்சம் இலேசானதாகவே தெரிந்தது.

அவர் ஆம் என்று சொல்லிவிட்டால், "அஸ்தஃபிருல்லாஹ், இப்படிப் பேசாதே" என்று வாயை மூடிவிடாதீர்கள். மர்யம் (அலை) இறந்திருக்கக்கூடாதா என்று சொன்னபோது கண்டிக்கும் குரல் எதுவும் வரவில்லை. கவலைப்படாதீர்கள் என்ற ஆறுதல் வந்தது, காலடியில் தண்ணீர் வந்தது, பேரீச்சம்பழம் வந்தது. சாப்பிடுங்கள், குடியுங்கள் என்று சொல்லப்பட்டது. நீங்களும் முதலில் கேளுங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அன்றைக்கு அவரைத் தனியே விடாதீர்கள். மறுநாள் மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போங்கள்.

மருத்துவரிடம் போவது ஈமான் குறைவா? ஹிஜ்ரி 322-ல் வஃபாத்தான அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் சேர்த்து ஒரு நூலே எழுதியிருக்கிறார். காரணம் தெரிந்த துக்கம் ஒன்று, காரணமே தெரியாமல் வரும் துக்கம் ஒன்று என்று அவர் பிரிக்கிறார். இரண்டாவது வகையில் உடம்பின் கோளாறும் சேர்ந்திருப்பதால் அதற்கு உடல்ரீதியான மருத்துவமும் வேண்டும் என்கிறார். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பு நம் அறிஞர் எழுதியது இது. ஓதிப் பார்ப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபாத்திஹா ஓதி ஊதுங்கள், துஆ செய்யுங்கள். ஆனால் ஆறு மாதம் தாயத்துக்கும் தகடுக்கும் அலைந்துவிட்டு, கடைசியில் டாக்டரிடம் போவது காலம் கடந்த வேலை.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயமும் இருக்கிறது. முயன்று பிழைத்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்படவேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சொல்கிறது. முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அப்படியே இடம்பெறவில்லை. பிழைத்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்காதீர்கள்.

கடைசியாகக் கடன். கந்துவட்டியும், இப்போது செல்போனில் வரும் லோன் ஆப்களும் எத்தனை வீடுகளை நெருக்குகின்றன என்று உங்களுக்கே தெரியும். நம் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடனுக்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்குவதைப் பற்றி நிர்வாகிகளிடம் பேசியிருக்கிறேன். வாங்குகிறவர் பெயர் வெளியே வராமல் கொடுக்க வழிசெய்யவேண்டும் என்பதும் என் வேண்டுகோள்.

இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அரசின் டெலி மானஸ் 14416; இருபத்துநான்கு மணி நேரமும், தமிழிலும் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பு 044 24640050. இலங்கையில் இருந்து இந்த உரையைப் படிப்பவர்களுக்கு தேசிய மனநல உதவி எண் 1926. ஹவ்ழுக்குப் பக்கத்திலுள்ள பலகையிலும், பெண்கள் பகுதிப் படிக்கட்டிலும் இவற்றை எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன். என்னிடம் பேசவேண்டும் என்று நினைப்பவர்கள் அஸருக்குப் பிறகு வாருங்கள், அறையில்தான் இருப்பேன். கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம்.

சுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள்.